வைரசும் கற்பும்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிச் சில குறிப்புகள்

கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரை எம்மவர்கள் ஷால்க உதைபந்தாட்டக் கழகத்தினால் அறிவார்கள். கொஞ்சம் வயதானவர்கள் நிலக்கரியினால் அறிவார்கள். ஒரு காலத்தில் 'ஆயிரம் நெருப்புகளின் நகரம்' என்று அழைக்கப்பட்ட ஊர் இது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரின் வடக்கே பூர் பகுதியிலிருந்த ஹூகோ சுரங்கமும் 2000 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று ஜேர்மனியில் வேலையற்றோர் தொகையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போதுதான் இந்த ஊரின் பெயர் தவறாமல் வருகிறது.

அந்தப் பூர் பகுதியில்தான் 1936 மார்ச் 11 இல் ஹரால்ட் சூர் ஹவுசன் பிறந்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குவது மனித பப்பிலோமா வைரஸ் என்று காட்டியவர். 2008 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசின் பாதி அவருக்கு வழங்கப்பட்டது. மற்றப் பாதியை எயிட்ஸ் வைரசைக் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர்களான பிரான்சுவாஸ் பரே-சினூசியும் லூக் மொந்தாக்னியேயும் பகிர்ந்துகொண்டனர். ஹவுசனின் குழந்தைப்பருவம் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்குள் கழிந்தது. 1943 இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதால் அவருடைய ஆரம்பக் கல்வி இடையில் அறுந்தது. குண்டுக்குப் பயந்து பள்ளிக்கூடம் மூடுவது என்றால் என்னவென்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் அவர் இறந்தார். அவர் பிறந்த ஊரில் பல வருடங்களாக வாழும் எமது குடும்பங்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

பெண் நோயியல் வைத்தியர்களிடம் போகும் எமது பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக ரூர் பகுதியின் பல ஊர்களுக்கும் நான் போயிருக்கிறேன். பரிசோதனை முடிவு சரியில்லை என்று வைத்தியர் சொன்னதும், இது எவ்வளவு முற்றிவிட்டது, என்ன சிகிச்சை என்பவையெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது ஒரே கேள்விதான். "தங்கச்சி, டொக்டரிட்டைக் கேள், இது எனக்கு எப்பிடி வந்தது?" வைத்தியர் பதில் சொல்லத் தொடங்குவார். உடலுறவினால் பரவும் வைரஸ் என்பதை நான் தமிழில் சொல்லி முடிக்கு முன்பே அடுத்த வசனம் வந்துவிடும். "நான் அவரைத் தவிர வேறை ஆரையும் கண்டவளில்லை." இதை அந்தப் பெண் வைத்தியருக்குச் சொல்வதில்லை, எனக்குத்தான் சொல்கிறாள். எனக்கூடாக ஊருக்குச் சொல்கிறாள்.

இந்த வசனத்துக்கு விஞ்ஞானம் தரும் பதில் என்ன, எமது சமூகம் தரும் பதில் என்ன என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

*

இந்த நோயை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்ட வரலாறு எமக்கு மட்டும் உரியதல்ல. 1842 இல் ரிகோனி-ஸ்டேர்ன் என்ற இத்தாலிய வைத்தியர் வெரோனா நகரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் அரிதாகவும் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகவும் வருகிறது என்று எழுதினார். நல்ல அவதானிப்பு. ஆனால் அதற்குப் பின்வந்த நூறு வருடங்களில் அது ஒரு தீர்ப்பாக மாறியது. திருமணமானவர்களுக்கு வரும், இளவயதில் மணந்தவர்களுக்குக் கூடுதலாக வரும், பாலியல் தொழில் செய்பவர்களுக்கு அதிலும் கூடுதலாக வரும் என்று ஆய்வுகள் எழுதப்பட்டன. கேள்வியெல்லாம் பெண்ணிடமே கேட்கப்பட்டது. எத்தனை பேருடன்? எத்தனை வயதில்? அவளுடைய கணவனிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஆய்வாளர்களுக்குத் தோன்ற வெகுகாலம் எடுத்தது.

1960களின் பிற்பகுதியில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டது ஹேர்பிஸ் வைரசின் இரண்டாம் வகை. நோயுள்ள பெண்களின் இரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்காவின் பெரிய ஆய்வுகூடங்களெல்லாம் இதன் பின்னால் நின்றன. ஹவுசன் இதற்கு வேறு வழியால் வந்தார். அவர் பிலடெல்பியாவில் வேர்ணர், கேர்ட்ரூட் ஹென்ல தம்பதியிடம் வேலை செய்துவிட்டு ஜேர்மனிக்குத் திரும்பியவர். வூர்ட்ஸ்பூர்க்கில் இருந்தபோது, ஆபிரிக்கச் சிறுவர்களுக்கு வரும் பேர்கிற் நிணநீர்ப் புற்றுநோயின் கலங்களுக்குள் எப்ஸ்ரீன்-பார் வைரசின் மரபணுப் பொருள் இருப்பதைக் காட்டினார். அந்தக் கலங்களில் புதிய வைரஸ் எதுவும் உற்பத்தியாவதில்லை. ஆனால் வைரசின் டி.என்.ஏ. உள்ளே இருக்கிறது. இதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: வைரசைத் தேடாதே, அதன் டி.என்.ஏ.யைத் தேடு.

அதே முறையில் கருப்பைக் கழுத்துக் கட்டிகளில் ஹேர்பிசின் டி.என்.ஏ.யைத் தேடினார். இல்லை. 1974 இல் புளோரிடாவில் நடந்த மாநாடொன்றில் இதைச் சொன்னபோது வரவேற்பு இருக்கவில்லை. அவருக்கோ வேறொரு சந்தேகம் இருந்தது. பிறப்புறுப்பில் வரும் பாலுண்ணிகள் சில வேளைகளில் புற்றாக மாறியதாகப் பழைய மருத்துவ அறிக்கைகள் கூறின. 1933 இலேயே அமெரிக்கரான றிச்சர்ட் ஷோப் காட்டு முயல்களின் பாலுண்ணிக்கு ஒரு வைரசே காரணம் என்று காட்டியிருந்தார். அப்படியானால் மனிதரின் பாலுண்ணி வைரஸ்?

சொல்வது சுலபம். இந்த வைரசை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடியாது. தோலின் மேற்படைகளில் முதிரும் கலங்களில் மட்டுமே அது பெருகும். கையிலும் காலிலும் பிறப்புறுப்பிலும் வரும் பாலுண்ணிகள் ஒரே வைரசினால் வருகின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. காற்பாதத்துப் பாலுண்ணியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மற்றெல்லாப் பாலுண்ணிகளுடனும் பொருந்தவில்லை என்பதை ஹவுசனின் குழு கண்டபோதுதான், இது ஒரு வைரஸ் அல்ல, ஒரு பெருங்குடும்பம் என்று தெரியவந்தது. இன்று 200 க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. முதலில் ஆறாம் வகை, பின் பதினோராம் வகை. இவை பாலுண்ணியை உண்டாக்குபவை, புற்றை அல்ல. பதினோராம் வகையைத் தூண்டிலாகப் போட்டு 1983 இல் பதினாறாம் வகையைப் பிடித்தார்கள். 1984 இல் பதினெட்டாம் வகையை. உலகெங்கும் இந்த நோயின் நூற்றுக்கு 70 பங்குக்கு இந்த இரண்டுமே காரணம். ஹேர்பிஸ் கோட்பாடு சத்தமின்றி மறைந்தது.

இரண்டு பக்கக் குறிப்புகள். பதினாறாம், பதினெட்டாம் வகைகளின் டி.என்.ஏ. பிரதிகளை ஹவுசனின் ஆய்வுகூடம் கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் கொடுத்தது. விஞ்ஞானத்தில் இது எப்போதும் நடப்பதல்ல. மற்றது, 1951 இல் போல்ரிமோரில் இந்நோயால் இறந்த ஹென்றியேற்றா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றியது. அவளுடைய கட்டியிலிருந்து அவளைக் கேளாமல் எடுக்கப்பட்ட கலங்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கலங்களுக்குள்ளும் பதினெட்டாம் வகை இருப்பதை ஹவுசனின் குழு கண்டது. அவளைக் கொன்ற வைரசின் பெயர் தெரிய 33 வருடங்கள் எடுத்தன. அதற்குள் அவளுடைய கலங்களை விற்றுப் பலர் பணம் பண்ணிவிட்டார்கள்.

*

இந்த வைரஸ் என்ன செய்கிறது? கருப்பைக் கழுத்தில் இரண்டு வகைத் தோற்படைகள் சந்திக்கும் ஒரு எல்லை உண்டு. அங்கேயுள்ள அடிப்படைக் கலங்களுக்குள் சிறு உராய்வுகளினூடாக வைரஸ் நுழைகிறது. பெரும்பாலானோருக்கு அத்துடன் சரி. உடலின் எதிர்ப்புச் சக்தி ஒன்றிரண்டு வருடங்களில் அதை அடக்கிவிடும். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உடலுறவு கொண்ட ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதைப் பெற்றிருப்பார்கள். இதை வாசிக்கும் நீங்களும் எழுதும் நானும் அடங்கலாக.

சிலருக்கு மட்டும் அது போவதில்லை. வருடக்கணக்கில் தங்குகிறது. அப்படித் தங்கும்போது வைரசின் டி.என்.ஏ. சில வேளைகளில் உடைந்து மனிதக் கலத்தின் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொள்கிறது. உடையும் இடம் முக்கியம். வைரசின் இரண்டு புரதங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பகுதி உடைவதால் அவை கட்டற்று உற்பத்தியாகின்றன. ஈ-6, ஈ-7 என்று அவற்றுக்குப் பெயர். பழுதுபட்ட கலத்தை நிறுத்தவும் தேவையானால் சாகடிக்கவும் எமது உடலில் பி-53 என்ற புரதம் காவல் இருக்கிறது. ஈ-6 அதை அழிக்கிறது. கலம் பிரிவதற்குக் கடிவாளம் போடும் இன்னொரு புரதத்தை ஈ-7 செயலிழக்கச் செய்கிறது. காவலாளியும் போய், கடிவாளமும் போனால் கலம் பிரிந்துகொண்டே இருக்கும். அதன் பின்பும் உடனே புற்று வருவதில்லை. சாதாரண உடல்நிலையில் 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது 5 முதல் 10 வருடங்களாகச் சுருங்கும். புகைத்தலும் நோயை விரைவுபடுத்தும்.

இந்த நீண்ட காலம்தான் அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதில். 45 வயதில் கண்டுபிடிக்கப்படும் நோயின் வைரஸ் அவள் 22 வயதில் மணந்தபோது வந்திருக்கலாம். அவள் ஒருவரைத் தவிர வேறு எவரையும் அறியாதவளாக இருக்கலாம். அந்த ஒருவர், ஸ்பொன்சருக்காகக் காத்திருந்த வருடங்களில், கொழும்பிலோ மொஸ்கோவிலோ கிழக்கு பேர்லினூடாக வந்த பாதையிலோ, எங்கோ வாழ்ந்தவர்தான். அவரையும் குற்றவாளிக்கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்காது. வைரசுக்கு ஒழுக்கம் தெரியாது. அது தோலிலிருந்து தோலுக்குப் போகிறது. ஆனால் ஒழுக்கத்தின் பாரம் யார் தலையில் இறக்கப்படுகிறது என்பது எமக்குத் தெரியும். முடிவைக் கணவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். புற்றுக்குப் பயந்து அல்ல.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 16 முதல் 59 வயது வரையான திருமணமான பெண்கள் 1891 பேரிடம் செய்யப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்றில் 16.9 வீதத்தினருக்கு இந்த வைரஸ் இருந்தது. ஆறு பேரில் ஒருவர். கற்பின் இலக்கணம் பேசும் நாட்டில், தாலி கட்டிய கிராமத்துப் பெண்களில். பண்பாடு பற்றிப் பேசுவோர் இந்த எண்ணைக் கொஞ்சநேரம் யோசிக்கலாம்.

சூசன் சொன்டாக் 1978 இல் நோயை உருவகமாக்குவது பற்றி எழுதிய நூலை எமது நண்பர்கள் பலர் வாசித்திருக்கிறார்கள், சந்திப்புகளில் மேற்கோள் காட்டியும் இருக்கிறார்கள். பெண்ணுடல் பற்றிய கருத்தாடல்களுக்கும் எம்மிடம் பஞ்சமில்லை. அப்படிப் பேசும் தோழர் ஒருவரிடம் அவர் மனைவி கடைசியாக எப்போது இந்தப் பரிசோதனைக்குப் போனா என்று கேட்டுப் பாருங்கள்.

*

பரிசோதனை பெரிய விஷயமல்ல. சிறு தூரிகையால் கழுத்துப் பகுதியைத் தடவி எடுத்த கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இதைக் கண்டவர் ஜோர்ஜ் பாப்பனிகொலாவு, கிரேக்கத்திலிருந்து நியூயோர்க்குக்கு வந்து முதலில் கடையில் கம்பளம் விற்றவர். வருடக்கணக்காகத் தன் உடலிலிருந்து மாதிரிகளை அவருக்குக் கொடுத்து வந்தவர் அவருடைய மனைவி அந்திரோமாக்கி. பரிசோதனைக்கு வைக்கப்பட்ட பெயரில் கணவர் மட்டுமே இருக்கிறார். மேற்கு ஜேர்மனியில் 1971 இலிருந்து இது சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதியின் செலவில் செய்யப்படுகிறது. அதன் பின் நோய் வெகுவாகக் குறைந்தது. இன்றும் ஆண்டுதோறும் இங்கே 4000 க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது. 1500 பேர் அளவில் இறக்கிறார்கள். உலகளவில் 2022 இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு நோய் வந்தது, மூன்றரை இலட்சம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வறிய நாடுகளின் பெண்கள்.

வறிய நாட்டில் நுணுக்குக்காட்டி பார்க்க ஆள் எங்கே? இதற்கு ஒரு பதில் திண்டுக்கல்லிலேயே உண்டு. 2000 ஆம் ஆண்டில் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தை மையமாக வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியர் 4 வீத அசெற்றிக் அமிலத்தை, அதாவது எங்கள் குசினி வினாகிரியின் வீரியமுள்ள ஒன்றை, கருப்பைக் கழுத்தில் தடவிப் பார்ப்பார்கள். மாறுபட்ட கலங்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுக்கும். 30 முதல் 59 வயதுப் பெண்களில் இப்படிப் பார்க்கப்பட்டவர்களிடையே மரணம் 35 வீதம் குறைந்தது. 2007 இல் இது வெளியானபோது உலகம் கவனித்தது. ஆனால் ஒரு கசப்பும் உண்டு. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யப்படாத கிராமங்கள் விடப்பட்டன. திண்டுக்கல்லிலும் மகாராஷ்டிரத்திலும் நடந்த இவ்வகை ஆய்வுகளில் அப்படி விடப்பட்ட பெண்கள் இறந்தது நியாயமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. நாட்டின் வழமையான சேவையே அதுதான், எனவே அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளரின் பதில். பாப்பனிகொலாவின் பரிசோதனை பயன்படும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது 'ஒன்றுமே செய்யாமை'யை ஒப்பீடாக வைத்தது எனக்கு உறுத்தவே செய்கிறது. அந்த ஆய்வினால் பின்னர் பிழைத்த பெண்களும் உண்மைதான்.

எமது நாட்டில் 1996 இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 35 வயதுப் பெண்களை அழைத்துப் பார்ப்பது திட்டம். அந்த 1996 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் எங்கே நின்றார்கள்? ஒக்ரோபர் 95 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனவர்களில் ஒரு பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அழைப்புக் கடிதத்துக்கு விலாசம் இல்லாத காலம். எமது அக்காமாரின் ஒரு தலைமுறை இப்படிப் பரிசோதனையே காணாமல் நடுவயதைத் தாண்டியது.

*

தடுப்பூசி பற்றி. 1980களின் நடுப்பகுதியில் ஹவுசன் தடுப்பூசி யோசனையுடன் ஜேர்மன் மருந்து நிறுவனம் ஒன்றை அணுகியபோது, சந்தை இல்லை என்ற பதிலே கிடைத்தது. வழி திறந்தது 1991 இல், அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில். ஸ்கொத்லாந்திலிருந்து வந்த இயன் பிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சூவும் வைரசின் வெளிக்கோதைத் தனியாக உருவாக்கினர். உள்ளே டி.என்.ஏ. இல்லை, வெறும் கூடு. உடல் அதைக் கண்டு எதிர்ப்பைத் தயார் செய்யும், நோய் வராது. ஊசி சந்தைக்கு வருமுன்பே, 1999 இல், சூ இறந்துவிட்டார். 2006 இல் கார்டசில் வந்தது, 2007 இல் சேர்வாரிக்ஸ். ஜேர்மனியில் 2007 மார்ச்சில் 12 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது. 2008 நவம்பரில் 13 ஜேர்மன் விஞ்ஞானிகள் ஒரு பகிரங்க அறிக்கை விட்டனர்: ஊசியின் பயன் மிகைப்படுத்தப்படுகிறது, ஆதாரம் போதாது என்று. மூன்று ஊசிகளுக்கு 450 யூரோவுக்கு மேல் விலை. நோபல் பரிசைச் சுற்றியும் ஒரு புகை எழுந்தது. ஊசிகளின் உரிமத்தில் வருமானம் பெற்ற அஸ்ட்ராசெனக்கா நிறுவனம் நோபல் அமைப்பின் துணை நிறுவனங்களுக்கு நிதியுதவி செய்திருந்தது. இந்தக் கேள்விகள் எழுப்பப்பட வேண்டியவையே. ஆனால் 2008 இல் இல்லாத ஆதாரம் இன்று இருக்கிறது. சுவீடனில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் நோய் 88 வீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டவர்களிடம் 87 வீதம். அன்று ஐயுற்றதற்கு நியாயம் இருந்தது. இன்றும் அதே ஐயத்தை முகநூலில் பிரதி பண்ணிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

இந்தியக் கதை இதைவிடச் சிக்கலானது. 2009 இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு, கேற்ஸ் நிதியத்தின் பணத்தில், இந்த ஊசிகளைப் போட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள், அரச விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். 2013 இல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தாயைத் தேடிப்போய்க் கேட்க ஒரு நாள் அலைச்சல் வேண்டும், அந்த அலைச்சலை மிச்சம்பிடித்தார்கள். அதனால் ஊசியின் பெயரே இந்தியாவில் பல வருடங்களுக்குக் கெட்டது. ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் பெண்களுக்கு இந்நோய் வரும் நாட்டில் அது யாருக்கு நட்டம்? கம்மத்துச் சிறுமிகளைப் போன்றவர்களுக்கே. இலங்கை 2017 இல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பாடசாலைகளில் போடத் தொடங்கியது. எந்தக் கூச்சலும் இல்லாமல் நடந்தது.

இங்கே எமது வீடுகளில் நடப்பது: பிள்ளைக்குப் பதினொரு வயது. வைத்தியர் ஊசியைப் பற்றிச் சொல்கிறார். தாய் சொல்கிறாள், "என்ரை பிள்ளைக்கு உது தேவையில்லை." ஊசி போட்டால் பிள்ளை கெட்டுப்போவாள் என்பதல்ல அவளது பயம், போட்டால் கெட்டுப்போகக்கூடியவள் என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்பதுதான். உண்மையில் வைரசைச் சந்திக்குமுன் போட்டால்தான் ஊசி முழுப்பயன் தரும். ஏற்கெனவே தொற்றியிருப்பதை அது மாற்றாது. அதனாலேயே இங்கு 2014 இலிருந்து வயது 9 முதல் 14 வரை என்று குறைத்தார்கள். 2018 இலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் பரிந்துரை உண்டு. ஆண்களுக்கும் இந்த வைரசினால் தொண்டையிலும் குதத்திலும் ஆண்குறியிலும் புற்று வருகிறது என்பது ஒரு காரணம். அவர்களிடமிருந்து பரவுகிறது என்பது மற்றக் காரணம். ஆண்பிள்ளைக்கு ஊசி என்றால் எமது தாய்மாருக்குத் தயக்கம் குறைவு என்பதையும் கவனித்திருக்கிறேன். அவன் கெட்டுப்போவான் என்று யாரும் பயப்படுவதில்லை.

இனி, நடைமுறை. 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் முறை மாறியிருக்கிறது. 20 முதல் 34 வயது வரை வருடமொருமுறை கலப் பரிசோதனை. 35 இலிருந்து மூன்று வருடத்துக்கொருமுறை, கலத்தோடு வைரஸ் பரிசோதனையும் சேர்த்து. ஜேர்மன்காரர் 'ஹா-பே-ஃபௌ' என்று சொல்வது இதைத்தான். முடிவில் 'பாப் மூன்று-டே' என்று வந்தால் அது புற்றல்ல. மாற்றம் தொடங்கியிருக்கிறது, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதே பொருள். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கலாம். மொழிபெயர்க்கப் பத்து வயது மகனைக் கூட்டிப் போக வேண்டாம். அப்படி வந்த ஒரு சிறுவன், தாயிடம் வைத்தியர் கேட்ட கேள்வியை மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு 1993 இல் வந்த அகதி உதவிச் சட்டமே இன்னமும் எல்லை போடுகிறது. முதல் காலப்பகுதியில் கடும் நோய்க்கும் நோவுக்கும் மட்டும் வைத்தியம். அந்தக் காலப்பகுதி 2019 இலிருந்து 18 மாதங்களாக இருந்தது. 2024 பெப்ரவரியில் 36 மாதங்களாக்கிவிட்டார்கள். ஆனால் தடுப்பூசியும் அவசியமான முன்தடுப்புப் பரிசோதனைகளும் அதே சட்டத்தின் நான்காம் பிரிவில் சேர்க்கப்பட்டே இருக்கின்றன. ஓர் ஊரின் சமூக உதவி அலுவலகத்தில், "உங்களுக்கு நோவு இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வைத்தியச் சீட்டை மறுத்தார்கள். நோவு வருமுன் பார்ப்பதற்குத்தானே இந்தப் பரிசோதனை. நான்காம் பிரிவை அச்செடுத்து மேசையில் வைத்தபின் இரண்டாம் நாள் சீட்டுக் கிடைத்தது.

காப்புறுதி உள்ளவர்களுக்கு 20 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கொருமுறை காப்புறுதி நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பும். விளக்கப் பிரசுரத்தோடு வரும், ஜேர்மன் மொழியில், கொஞ்சம் தடிப்பாக. கட்டணக் கடிதம் அல்ல என்று தெரிந்ததும் எமது வீடுகளில் அது பழைய பேப்பர்களோடு போய்விடுகிறது.